ஹூவர் அணைக்குக் கீழே உள்ள வெந்நீர் ஊற்று: 64 வயது அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பாலைமகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அம்மா போன பிறகு அவர் வரும் முதல் பயணம். காலையில் குடியிருப்பை ஐந்து சுற்று சுற்றிவிட்டு வந்து, "இந்த ஊர்ல நடக்கிற ஆள் நானும் நாலு நாயும்தான்" என்பார். அப்புறம் நாள் முழுக்க ஜன்னலோரம்தான். எங்கே போகலாம் என்று கேட்டால் "உங்க வசதி" என்று ஒரே பதில்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் ஒரு படம் காட்டினான். இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரு சந்து. அதில் மார்பளவு தண்ணீரில் நாலைந்து பேர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் வெந்நீர் என்றதும் அப்பா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "யார் காய்ச்சி ஊத்துறா?" என்று கேட்டார். இரவு சாப்பிடும்போது மறுபடியும், "அந்த வெந்நீர் இடம் தூரமா?" என்றார். வந்ததிலிருந்து அவராக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

தேடிப் பார்த்ததில் ஹூவர் அணைக்குக் கீழே கொலராடோ ஆற்றங்கரையில் இரண்டு இடம் தெரிகிறது. நெவாடா பக்கம் கோல்ட் ஸ்ட்ரைக், அரிசோனா பக்கம் அரிசோனா ஹாட் ஸ்பிரிங்ஸ். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் "எளிதான நடை" என்கிறார், இன்னொருவர் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போன கதை சொல்கிறார்.

போகிறவர்கள் நான், கணவர், ஒன்பது வயது மகள், அப்பா. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. முட்டி சுமார். டிசம்பர் கடைசி வாரம் போக எண்ணம். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஹெண்டர்சன்காரன்

நான் இந்தப் பக்கம் வந்து பதினாலு வருஷம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து இருபது தடவையாவது போயிருப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கோல்ட் ஸ்ட்ரைக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இடம் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நடை அல்ல, இறக்கம். வறண்ட ஓடையில் கொஞ்ச தூரம் சரளையில் நடப்பீர்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகப் பாறைகள், நடுவில் ஏழெட்டு இடத்தில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் முதுகை ஒட்டி, பின்புறத்தைத் தேய்த்து இறங்க வேண்டும். கீழே போகப் போக வெந்நீர் கசிந்து பாறை நனைந்திருக்கும். பச்சைப் பாசி வேறு.

ஒரு தடவை ஏழு பேர் போனோம், எல்லாரும் நாற்பதைத் தொட்டவர்கள், வயிறு முன்னே போகும், ஆள் பின்னே வருவார். இறங்க ஒன்றரை மணி நேரம். ஊற்றில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? மூன்றரைக்குக் கிளம்பினோம். இரண்டாவது கயிற்றில் ஒருவனின் ஷூ அடிப்பாகம் மொத்தமாகப் பிய்ந்து வந்துவிட்டது. பழைய ஷூ, ஐந்து வருஷம் பெட்டியில் கிடந்து பசை காய்ந்துபோனது. துண்டைக் கிழித்து அதைக் காலோடு சேர்த்துக் கட்டினோம். மேலே வந்து சேர நாலு மணி நேரம், கடைசி இரண்டு மணி நேரம் போன் வெளிச்சத்தில். தண்ணீர் தீர்ந்து ஆளுக்கு ஒரு வாய் என்று பங்கு போட்டோம். மேலே நெடுஞ்சாலையில் லாரி ஓடும் சத்தம் காதில் விழுகிறது, ஆனால் போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அந்த நெவாடா பக்கத்துக்கு உங்கள் அப்பாவை நான் அனுப்ப மாட்டேன்.

உங்களுக்கு அரிசோனா பக்கம்தான் சரி. சாண்ட்லரிலிருந்து கிங்மேன் வழியாக 93ஆம் நெடுஞ்சாலையில் வந்தால் அணைக்கு நாலு மைல் முன்னாலேயே வலது கையில் பார்க்கிங் வரும். அங்கிருந்து இறங்கி, நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனால் பாதை பிரியும். நேராகப் போவது ஒயிட் ராக் பள்ளத்தாக்கு. பெயருக்கேற்ற வெள்ளைப் பாறை அங்கே பெரிதாக இல்லை, சுற்றிலும் காபிப்பொடி நிறத்தில் எரிமலைப் பாறைதான். இரண்டு பக்கச் சுவரும் போகப் போக நெருங்கி வரும், தரை முழுக்கச் சரளை. வழிதவறவே முடியாது, ஏனென்றால் வேறு வழியே இல்லை. ஆறு வந்ததும் இடது கைப்பக்கம் கரையோரமாகக் கால் மைல் போனால் அடுத்த பள்ளத்தாக்கின் வாய். அதில் ஏறினால் ஒரு சின்ன அருவி, அதன் பக்கத்தில் இருபது அடி இரும்பு ஏணி. ஏணிக்கு மேலேதான் படத்தில் பார்த்த சந்து. மணல்மூட்டை அடுக்கி நாலைந்து தொட்டியாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். ஏணிக்குப் பக்கத்துத் தொட்டி இதமான சூடு. உள்ளே போகப் போகச் சூடு ஏறும். கடைசித் தொட்டிக்கு மேலே பாறைப் பிளவிலிருந்து வருவது 111 டிகிரி பாரன்ஹீட் வாக்கில் இருக்கும். நான் அதில் முழங்கால் வரைதான் வைத்திருக்கிறேன்.

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்: யாரும் காய்ச்சவில்லை. நிலத்தடி நீர் பாறைப் பிளவுகள் வழியாக ரொம்ப ஆழத்துக்கு இறங்கி, அங்கே பூமியின் சூட்டில் காய்ந்து, வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. கந்தக நாற்றம் கிடையாது.

போக வர மொத்தம் ஆறு மைல். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த நடையில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. நம் மலைகளில் முதலில் ஏறுவோம், மூச்சு வாங்கினால் திரும்பிவிடுவோம். இங்கே முதலில் இறக்கம். இறங்கும்போது எல்லாருமே இளைஞர்கள்தான். ஆற்றுக்கும் பார்க்கிங்குக்கும் 800, 900 அடி உயர வித்தியாசம். அதை வெந்நீரில் ஊறிக் கால் துவண்ட பிறகு, சரளையில், ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும் தரையில் ஏறியாக வேண்டும். ஆகையால் போகும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காதீர்கள். மணியைப் பாருங்கள். இறங்க எவ்வளவு நேரமோ அதைப்போல இரண்டு மடங்கு திரும்புவதற்கு ஒதுக்குங்கள்.

மணி என்றதும் ஞாபகம் வருகிறது. கொலராடோ ஆறுதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. குளிர்காலத்தில் அரிசோனா மணி நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே போன் எந்தக் கரைக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். ஒரு தடவை "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நம்பி உட்கார்ந்து நான் மாட்டியிருக்கிறேன். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் அப்பாவிடம் இருந்தால் அதை நம்புங்கள். டிசம்பரில் உங்கள் அரிசோனா மணிக்கு ஐந்தரைக்குச் சூரியன் மறையும். பள்ளத்தாக்குக்குள் நாலுக்கே நிழல் விழுந்து குளிர ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு கேலன். குளிர்காலம்தானே என்று குறைக்காதீர்கள். வழியில் குழாய் இல்லை, கடை இல்லை, மரநிழல் இல்லை. வானிலையில் மழை என்று ஒரு சொல் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கே பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை, மேலே எங்கேயோ பெய்தாலும் அந்தச் சந்துக்குள் வெள்ளம் வரும், ஏறி ஒதுங்க இடம் கிடையாது.

சோம்பேறி

அணைக்குப் பக்கத்தில் கேசினோ ஹோட்டல் இருக்கிறது. பாத்ரூமில் குழாயைத் திருகினால் வெந்நீர் வரும். ஏணி இல்லை, அமீபா இல்லை.

பாலைமகள்

@சோம்பேறி, என் கணவரும் இதையேதான் சொன்னார். நீங்கள் அவர் இல்லையே?

@ஹெண்டர்சன்காரன் அண்ணா, ரொம்ப நன்றி. ஏணி என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். ஏணியே வேண்டாம் என்றால் வழி உண்டா? அப்புறம் அமீபா என்ன கதை?

மருந்துக்கடை

அமீபாவை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பயந்து நடுங்கவும் வேண்டாம். நெக்லேரியா ஃபௌலெரி என்று பெயர், சூடான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். போனால் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. வருவது அபூர்வம், ஆனால் வந்தால் அப்படி. இந்த ஊற்றுகளில் தலையை முக்காதீர்கள் என்று பூங்காத் துறையே அறிவிப்பு வைத்திருக்கிறது.

பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள், குழந்தைதான் பிரச்சினை. தண்ணீரைக் கண்டால் முங்கு நீச்சல், ஒருவர் மேல் ஒருவர் தெளிப்பு. நான் என் பையனுக்கு ஒரு உபாயம் செய்தேன். தலையில் கம்பளித் தொப்பியை மாட்டி, "இது நனையாமல் கொண்டுவந்தால் வரும் வழியில் ஐஸ்கிரீம்" என்றேன். வேலை செய்தது. அருவிக்கு அடியில் முகத்தைக் காட்டவும் விடாதீர்கள்.

அப்பாவுக்கு வருவோம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் வெந்நீரில் ரொம்ப நேரம் இருந்தால் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். உட்கார்ந்திருக்கும்வரை சுகமாக இருக்கும், சட்டென்று எழுந்தால் கண்ணைக் கட்டும். கீழேயோ பாசிப் பாறை. பத்து நிமிஷம் இருந்தால் போதும். எழும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். இதமான தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

துடுப்பு

நான் டொரொண்டோவில் இருக்கிறேன், சொந்த ஊர் திருகோணமலை. எங்கட ஊரில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்குது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வாளால் ஊன்றினதில் தண்ணி வந்தது என்று சொல்லுவினம். வாளியால் அள்ளித் தலையில ஊத்துறதுதான் வழக்கம். அதனால் இங்க தலையை நனைக்காதே என்றது எனக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு.

நடக்க ஏலாதவைக்கு ஆற்று வழியும் இருக்கு. நாங்கள் அணையடியில கயாக் இறக்கினனாங்கள். அது காவல் உள்ள இடம், அனுமதி பெற்ற ஆட்களோடதான் போகலாம். அங்கிருந்து வில்லோ பீச் வரைக்கும் 12 மைல், ஆற்றோட்டத்தோட போறது. மூன்றில் ஒரு பங்கு போனதும் இந்த ஊற்றுக்குப் போற கரை வரும். அந்த இடத்துக்கு ரிங்போல்ட் என்றும் பேர். 1860களில் நீராவிப் படகுகள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுறதுக்காகப் பாறையில இரும்பு வளையம் அடிச்சு, கயிற்றைக் கட்டி இழுத்தவையாம். அணை வந்த பிறகு ஆறு அடங்கிப் போச்சு.

ஒரு எச்சரிக்கை: வெந்நீரில இருந்து ஓடிவந்து ஆற்றில குதிக்க ஆசை வரும். அணைக்குப் பின்னால ஏரியின் ஆழத்திலிருந்து விடுற தண்ணி அது, கோடையிலும் பாரன்ஹீட்டில 50களில்தான் நிக்கும். நான் குதிச்சு, மூச்சு நின்று, வாயைத் திறந்தபடி ஒரு நிமிஷம் மரம் மாதிரி நின்றனான். அப்பாவை விடாதேங்கோ.

ஹெண்டர்சன்காரன்

ஏணி வேண்டாம் என்றால் வழி உண்டு. பாதை பிரியும் இடத்தில் ஒயிட் ராக்கை விட்டுவிட்டு மற்றப் பாதையில் போனால், ஒரு மேட்டைத் தாண்டி ஊற்றுப் பள்ளத்தாக்கிலேயே மேலிருந்து இறங்கலாம். ஏணிக்கு மேலே உள்ள தொட்டிகளுக்கு நேராக வந்துவிடுவீர்கள். ஆனால் முதலில் வருவது ஆகச் சூடான தொட்டி, சந்தில் ஒதுங்க இடமில்லாததால் அதில் இறங்கித்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். வழியில் அங்கங்கே பாறையில் கை வைத்து இறங்கும்படியும் இருக்கும். ஆற்றையும் பார்க்க முடியாது.

எனக்கென்னவோ ஒயிட் ராக் வழியாக இறங்கி, ஆற்றங்கரையில் சாப்பிட்டு, ஏணியில் ஏறி, குளித்துவிட்டு மேல்வழியாகத் திரும்புவதுதான் பிடிக்கும். ஏணியில் ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், படி வழுக்கும். அதுவும் அப்பாவைக் கீழே நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் தயங்கினால் கணவரும் மகளும் மட்டும் ஏறட்டும், நீங்கள் அவரோடு அருவி அடிவாரத்தில் காலை நனைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

இன்னொன்று. வார நாளில் போங்கள். சனி, ஞாயிறில் வரிசை கட்டி நிற்பார்கள். எப்போதாவது உடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் உண்டு. மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. மே 15 முதல் செப்டம்பர் 30 வரை இரண்டு பாதையையும் வெயிலுக்காக மூடிவிடுவார்கள், நீங்கள் போவது டிசம்பர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

பாலைமகள்

போய் வந்துவிட்டோம்! எழுதத் தாமதமானதற்குக் காரணம், இரண்டு நாள் நாங்கள் யாரும் மாடிப்படி இறங்கவில்லை.

கிங்மேனில் இரவு தங்கி, செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்கு நடக்க ஆரம்பித்தோம். கையில் புளிசாதம், அவித்த முட்டை, தெர்மாஸில் காபி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே டிராக் பேண்ட், காலில் என் கணவரின் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ். அண்ணா சொன்னபடி அவர் முகத்தைப் பார்க்காமல் மணியைப் பார்த்தேன். நல்லவேளை. முகம் பள்ளிக்கூடம் விட்ட பையன் முகம்.

ஒயிட் ராக்கில் பாதி தூரத்தில் அப்பா நின்று, கையைத் தூக்கி எங்களையும் நிறுத்தினார். மேலே பாறை விளிம்பில் கொம்பு சுருண்ட ஒரு ஆடு. அதுவும் எங்களைப் பார்க்கிறது, நாங்களும் அதைப் பார்க்கிறோம். "மேய என்ன இருக்கு இதுக்கு?" என்று அதற்காக வருத்தப்பட்டார்.

ஏணிக்கு வருகிறேன். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நான் உங்களிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேன். ஏணியடியில் நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பையை இறக்கினார், ஏணியின் இரண்டு காலையும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் ஒரு தட்டு, காலால் முதல் படியில் ஒரு மிதி. "நல்லா நிக்குது" என்றார். வேட்டியை அவிழ்த்து என் தோளில் போட்டுவிட்டு ஏறினார். படியைக் கையால் பிடிக்கவில்லை, பக்கக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறினார். நான் சின்ன வயசில் தெருவிளக்குக் கம்பத்தில் பார்த்த அதே ஏற்றம். மேலே போய் உட்கார்ந்து, "பாதத்தோட நடுவை வை, விரலை வைக்காதே" என்று ஒவ்வொருவராக எங்களை ஏற்றியதும் அவர்தான். மூன்றாவது ஆளாக ஏறிய என் கணவருக்குத்தான் பாதியில் கால் நடுங்கியது. அவர் இந்தத் தளத்தைப் படிப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

தண்ணீர் பற்றி என்ன சொல்ல. சுவரில் ஆரஞ்சும் பச்சையுமாகக் கறை, மேலே ஒரு கோடு வானம். அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மகள் தொப்பியோடு இருந்தாள், தொப்பி நனையவில்லை, ஐஸ்கிரீம் வாங்கியாகிவிட்டது. மருந்துக்கடை சொன்ன பத்து நிமிஷம் ஆனதும் எழுப்பினேன். "உங்கம்மாவுக்கு இந்தச் சூடு சரியா இருந்திருக்கும்" என்றார். எப்போதும் கை பொறுக்காத சூட்டில் குளிப்பாள் அம்மா. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் எழுப்பவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தோம்.

திரும்பும் ஏற்றம் அண்ணா சொன்னதைவிட மோசம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா உட்கார்ந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம், ஏற மூன்று மணி நேரம் பிடித்தது. என் போன் நடுவில் ஒரு மணி நேரம் பின்னால் போனது, அப்பாவின் பழைய கைக்கடிகாரம் போகவில்லை.

மறுநாள் நொண்டிக்கொண்டே அணையையும் பார்த்தார். பதினேழு பெரிய ஜெனரேட்டர் என்றதும் முட்டி வலி மறந்துவிட்டது. அணை 1935இல் திறந்தது என்று பலகையில் பார்த்து, "நம்ம மேட்டூர் இதுக்கு ஒரு வருஷம் மூத்தது" என்றார். பள்ளத்தாக்கின் மேல் சாய்வாக நிற்கும் மின்கோபுரங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எதிரில் அரை மணி நேரம். விழுவது மாதிரி நிற்கிற கோபுரத்தில் எவன் ஏறிக் கம்பி கட்டினான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஹெண்டர்சன்காரன் அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதியதை எல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது உங்கள் போன் நம்பர் வேண்டும் என்கிறார். அந்தக் கயிறு கட்டிய பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.